பதினான்கு பேரும் ஒரு சங்கும்



2024ஆம் ஆண்டு ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை. மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று அமெரிக்க ஜனாதிபதி ஜோ பைடன் அறிவித்தார். மறுநாள் திங்கட்கிழமை யாழ்ப்பாணத்தில் ஏழு தமிழ்க் கட்சிகளும் குடிசார் சமூகத்தின் ஏழு பிரதிநிதிகளும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் தமிழர் சார்பில் ஒரு பொது வேட்பாளரை நிறுத்துவது என்பது உடன்பாடு. ஆகஸ்ட் 5இல் அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சிப் பேராளர்கள் இணையவழி வாக்களிப்பை முடித்து கமலா ஹாரிஸை வேட்பாளராகத் தெரிவு செய்தார்கள். மன்னார்குடிக்குப் பக்கத்துத் துளசேந்திரபுரத்துப் பேத்தி அவர். மூன்று நாள் கழித்து யாழ்ப்பாணத்தில் பா. அரியநேத்திரனின் பெயர் வெளியானது. மட்டக்களப்பின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், தமிழரசுக் கட்சிக்காரர்.

இரண்டு இடத்திலும் சாதாரண வாக்காளரிடம் யாரும் போய் "இவரை நிறுத்தலாமா?" என்று கேட்கவில்லை.

அமெரிக்காவில் இது பழைய சண்டை. 1968இல் ஹியூபர்ட் ஹம்ப்ரி, கட்சி வேட்பாளரை வாக்காளர் தெரிவு செய்யும் மாநில முதனிலைத் தேர்தல் ஒன்றில்கூடப் போட்டியிடாமல், கட்சிப் பெரியவர்களின் ஆதரவோடு சிகாகோ மாநாட்டில் வேட்பாளரானார். மண்டபத்துக்கு வெளியே பொலிசார் போராட்டக்காரரை அடித்து நொறுக்கினார்கள். அதன் பிறகு விதிகளை மாற்றித் தெரிவை வாக்காளர் கையில் கொடுத்தார்கள். 1972இல் அப்படி வந்த ஜோர்ஜ் மக்கவர்ன் ஐம்பது மாநிலங்களில் நாற்பத்தொன்பதை இழந்தார். கட்சிக்காரருக்குப் பயம் பிடித்துவிட்டது. 1984இலிருந்து ஆளுநர்கள், கொங்கிரஸ் உறுப்பினர்கள், கட்சி நிர்வாகிகள் ஆகியோர் வாக்காளர் தீர்ப்புக்குக் கட்டுப்படாமல் மாநாட்டில் வாக்களிக்க இடம் கொடுத்தார்கள். பெரும்பேராளர் என்று சொல்லப்படுகிறவர்கள் இவர்கள்தான். 2016இல் பேர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் கொதித்தெழுந்ததால், போட்டி இருக்கும்போது முதல் சுற்றில் இவர்களுக்கு வாக்கில்லை என்று 2018இல் கட்சி முடிவெடுத்தது.

அங்கே ஐம்பது வருடமாக நடப்பது இந்தப் பெரியவர்களுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்ற இழுபறி. இலங்கையிலோ வேறு யாருக்குமே இடம் கிடையாது. முதனிலைத் தேர்தல் என்ற ஒன்றே இங்கு இல்லை. 1981ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட கட்சி தன் வேட்பாளரை நியமிக்கலாம். கட்டுப்பணம் ஐம்பதாயிரம் ரூபாய். கட்சி இல்லாமல் நிற்க எழுபத்தைந்தாயிரம் ரூபாய் வேண்டும். அதோடு, அவர் நாடாளுமன்றத்துக்குத் தெரிவான உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது முன்பு இருந்திருக்க வேண்டும். அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் சுயேச்சையாக நிற்க முடிந்தது அதனால்தான். நெடுந்தீவு ஆசிரியர் ஒருவரோ நயினாதீவுப் படகோட்டி ஒருவரோ, எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கட்சி நியமிக்காமல் நிற்கவே முடியாது.

பொது வேட்பாளர் என்ற யோசனையும் தமிழர் கண்டுபிடித்ததல்ல. 2010இல் சரத் பொன்சேகாவும் 2015இல் மைத்திரிபால சிறிசேனவும் தெற்கின் பொது வேட்பாளர்கள். முதல் நாள் இரவு அப்போதைய ஜனாதிபதி மகிந்தவோடு அப்பம் சாப்பிட்டுவிட்டு மறுநாள் மைத்திரி எதிரணிக்குப் போனார் என்ற கதையை நாடே சொல்லிச் சிரித்தது. அந்த வேட்பாளரைத் தெரிவு செய்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அன்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அவர் வென்றுவிட்டார் அல்லவா?

யாழ்ப்பாணத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. 2024 ஜனவரி 21இல் திருகோணமலையில் தமிழரசுக் கட்சியின் பொதுச்சபை கூடியது. தலைவர் பதவிக்கு சி. சிறீதரனுக்கு 184 வாக்குகள், ம. ஆ. சுமந்திரனுக்கு 137. மூலக்கிளை, தொகுதிக்கிளை, மாவட்டக்கிளை என்று படிப்படியாக வந்த முந்நூற்றுச் சொச்சம் பேர் வெளிப்படையாக நடத்திய போட்டி அது. தமிழ்க் கட்சிகளுக்குள் அப்படியொன்று நடப்பதே அபூர்வம். கொஞ்ச நாளில் அதுவும் நீதிமன்றத்துக்குப் போய் நின்றுவிட்டது.

பிறகு செப்டம்பர் 1. வவுனியாவில் கூடிய கட்சியின் மத்தியகுழு, தெற்கின் வேட்பாளர்களில் ஒருவரான சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென்று முடிவெடுத்தது. தன் சொந்த உறுப்பினரான அரியநேத்திரனைப் போட்டியிலிருந்து விலகும்படியும் கேட்டது. பொதுச்சபை தலைவராகத் தெரிவு செய்த சிறீதரன் அந்தக் கூட்டத்தில் இல்லை. பொது வேட்பாளரின் பக்கமே அவர் நின்றார். ஆக, ஒரு பக்கம் பதினான்கு பேர் தெரிவு செய்த வேட்பாளர், மறுபக்கம் ஒரு மத்தியகுழு தெரிவு செய்த தெற்கத்தி வேட்பாளர். நடுவில் வேலணையிலும் புங்குடுதீவிலும் வாக்காளர் அட்டையோடு காத்திருந்த சனம்.

செப்டம்பர் 21இல் தீவகத்து வாக்குப்பெட்டிகளும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு வந்து சேர்ந்தன. யாழ். தேர்தல் மாவட்ட முடிவு: சஜித் 121,177, அரியநேத்திரன் 116,688, ரணில் 84,558, அநுர 27,086. நாடு முழுவதும் சங்குக்கு 226,343 வாக்குகள். இரண்டு குழுக்களில் எதற்கும் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வாக்குக்கூடக் கிடைக்கவில்லை. எட்டு வாரம் கழித்து நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டம் ஆறு ஆசனங்களில் மூன்றை அநுரவின் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தது. தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது ஒன்று. முன்கூட்டிக் கேட்டிருந்தால் சனம் இதைச் சொல்லியிருக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் யாரும் கேட்கவில்லை என்பது உண்மை.

குழுக்களை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி ஒதுங்கி நின்றது. அப்போது குமார் பொன்னம்பலம் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் நின்று யாழ். மாவட்டத்தில் முதலாவதாக வந்தார். 2010இலும் 2019இலும் எம். கே. சிவாஜிலிங்கம் யாரையும் கேட்காமல் தனியே நின்றார். இரண்டு முறையும் நாடு முழுவதும் சேர்த்துக் கிடைத்தது பத்தாயிரத்தை ஒட்டிய வாக்குகள். பதினான்கு பேர் சேர்ந்து நிறுத்தியதால்தான் சங்கு இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. கட்சி என்ற முத்திரைக்கு உள்ள பலத்தை ஊர்காவற்றுறைத் தொகுதி முன்பே கண்டது. தமிழரசுக் கட்சிக்காக 1963இல் வென்ற வி. நவரத்தினம் பின்னர் பிரிந்து தமிழர் சுயாட்சிக் கழகம் தொடங்கினார். 1970இல் அதே தொகுதியில் கட்சி நிறுத்திய கா. பொ. இரத்தினத்திடம் தோற்றார்.

தீவகத்துக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. 1994இல் குடாநாடு புலிகளின் கையில் இருந்தது. வாக்களிப்பு பெரும்பாலும் தீவுகளில்தான். வெறும் 10,744 வாக்குகளால் ஈ.பி.டி.பி.க்கு ஒன்பது நாடாளுமன்ற ஆசனங்கள் கிடைத்தன. முழு மாவட்டத்துக்காகவும் ஒரு சிறு கூட்டம் முடிவெடுத்தால் எப்படியிருக்கும் என்பதை, அந்தச் சிறு கூட்டமாகவே இருந்து பார்த்தவர்கள் தீவார்.

அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் வர வேண்டும். அதற்குள் சட்டம் மாறும் என்று நம்ப இடமில்லை. பொது வேட்பாளர் பேச்சு மட்டும் மீண்டும் கிளம்பும். உங்கள் ஊரில் எந்தக் கட்சியின் கிளை இருந்தாலும், அங்கிருந்து பொதுச்சபைக்கு யார் போகிறார், அவரை எப்போது, யார் தெரிவு செய்தார்கள் என்று இப்போதே போய்க் கேளுங்கள். வேட்பாளரின் பெயர் வெளியான பிறகு கேட்டுப் பயனில்லை.