வௌவாலுக்கு மணி சொன்னது யார்?

(பழைய மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வவ்வா வீட்டுக்கு வவ்வா விருந்துக்கு வந்தா, நானும் தொங்குறேன், நீயும் தொங்கு" என்று நம்ம பக்கம் ஒரு சொலவடை உண்டு. காலையில் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லாமல், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் சுவரோரம் நின்றபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அண்ணே, ஒரு கால் மணி நேரம் பேசணும். ஆனா அட்வைஸ் மட்டும் வேணாம்" என்று கேட்டுக்கொண்டார். ஆகவே அறிவுரையை விட்டுவிட்டு வௌவாலைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நான் இங்கே விலங்கியல் படித்தவன். பிறகு முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவன். ஆராய்ச்சியாளன் அல்ல. என் கண்ணால் பார்த்ததையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் இந்த வளாகத்திலிருந்தே தொடங்குகிறேன். கோரிப்பாளையம் சிக்னலில் எத்தனை ஹாரன் அடித்தாலும், கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் மரங்களின் அமைதி வேறு. விடுதியில் நாங்கள் இருந்தபோது, சில மாதங்களில் தினமும் காலையில் வராந்தாவில் நெட்டிலிங்க மரத்தின் கொட்டைகள் சிதறிக் கிடக்கும். பக்கத்தில் நெட்டிலிங்க மரமே கிடையாது. அது தள்ளி மைதானத்தோரம் நிற்கிறது. ராத்திரியில் யாரோ எறிகிறார்கள் என்று ஒரு கட்சி. பேய்தான் என்று இன்னொரு கட்சி. ஒரு நாள் போர்வையைப் போர்த்திக்கொண்டு மூன்று பேர் காவல் இருந்தோம். வந்தது சின்னப் பழந்தின்னி வௌவால். மரத்திலிருந்து ஒரே ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு வந்து, எங்கள் வராந்தா உத்தரத்தில் தொங்கி, சாற்றை உறிஞ்சிவிட்டுக் கொட்டையைப் போட்டுவிட்டுப் போயிற்று. மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. பழமரத்திலேயே உட்கார்ந்து தின்றால் ஆந்தை போன்ற எதிரிகளுக்கு எளிதில் அகப்பட்டுவிடும். அதனால் பழத்தை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்த் தின்பது அதன் வழக்கம் என்று மறுநாள் வகுப்பில் எங்கள் பேராசிரியர் விளக்கினார். மரத்தின் விதை ஊர் சுற்றுவதும் அப்படித்தான். பேய்க் கட்சிக்கு அன்றோடு டெபாசிட் போயிற்று.

அந்த ஆர்வத்தில்தான் 1981ல் எங்கள் வகுப்பு ஒரு குகைக்குப் போனது. மதுரைக்கு மேற்கே நாகமலை, சமணர் மலை என்று வரிசையாகப் பாறைக் குன்றுகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்துக் குகை ஒன்று. எந்தக் குகை என்று சொல்லமாட்டேன்; சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் போய்விடும். பெரியார் பஸ் நிலையத்தில் டவுன் பஸ் ஏறி, இறங்கி, கரட்டுக்காட்டில் நடந்து போனோம்.

வாசலில் நான் முதலில் பார்த்தது தவளைக் கால்கள். காய்ந்த தவளைக் கால்களும் பல்லி வால்களும் தரையில் கிடந்தன. பாறை இடுக்கில் பெரிய காதுள்ள ஊனுண்ணி வௌவால்கள் தங்கியிருந்தன. பிடித்த இரையைக் கொண்டுவந்து தொங்கியபடியே தின்று, மிச்சத்தைக் கீழே போடும் ஜாதி அது. வௌவால் என்றால் கத்தி, எதிரொலி கேட்டு இரை பிடிக்கும் என்றுதானே பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம்? மதுரையைச் சேர்ந்த ஜி. மாரிமுத்துவும் ஜெர்மானிய விஞ்ஞானி கெர்ஹார்ட் நாய்வைலரும் 1987ல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. தவளை அசையாமல் உட்கார்ந்திருந்தால் இந்த வௌவால் அதைக் கண்டுகொள்வதில்லை. தவளை நகரும்போது எழும் சின்னச் சத்தத்தைக் கேட்டுத்தான் பாய்கிறது. சும்மா இருப்பதே சுகம் என்பது தவளைக்கு உயிர் போகிற விஷயம்!

இன்னும் உள்ளே போனால் இலைமூக்கு வௌவால்கள். மூக்கின் மேல் இலை வைத்தாற்போல் தோல்மடிப்பு இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன உயிர். இரவெல்லாம் கொசு, வண்டு, அந்துப்பூச்சி என்று பூச்சிகளைப் பிடித்துத் தின்கிற விவசாயியின் கூலியில்லா வேலையாள்.

அங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். வேதியியல் பிரிவு நண்பன் ஒருவனிடம் கெஞ்சிக் கூத்தாடி காமிரா இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். உள்ளே போகக்கூடாது, டார்ச் அடிக்கக்கூடாது என்று பேராசிரியர் தலைதலையாக அடித்துக்கொண்டும், அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் நான் உள்ளே நுழைந்து பிளாஷ் அடித்துவிட்டேன். ஒன்று அல்ல, மூன்று. அவ்வளவுதான். கூரை முழுக்கப் பெயர்ந்து விழுந்தாற்போல அத்தனை வௌவாலும் கலைந்து, பகல் மூன்று மணி வெயிலில் வெளியே கொட்டின. வல்லூறும் காக்கையும் எங்கிருந்துதான் வந்தனவோ! இந்த வௌவாலின் தாய்க்கு அடிவயிற்றில் இரண்டு பொய்க்காம்புகள் உண்டு. பால் வராது, பறக்கும்போது குட்டி கவ்விக்கொள்வதற்காகவே இயற்கை வைத்தவை. அன்று கலைந்த கலைச்சலில் ஒரு குட்டி பிடி நழுவி என் காலடியில் விழுந்தது. உடம்பில் முடிகூடச் சரியாக முளைக்கவில்லை. பேராசிரியர் வந்து பார்த்தார். திட்டவில்லை. "எல்லாரும் வெளியே வாங்கப்பா" என்று மட்டும் சொன்னார். அந்தப் படம் ஒன்றும் பதியவில்லை. பிலிம் முழுக்கக் கறுப்பு.

வெட்கத்தோடு வெளியே வந்து பாறையில் உட்கார்ந்தேன். வௌவால்கள் கொஞ்சங் கொஞ்சமாக உள்ளே திரும்பின. பொழுது சாயும்வரை யாரும் பேசவில்லை. அப்போதுதான் அந்த விந்தையைப் பார்த்தேன். சூரியன் இறங்கியதும் குகையிலிருந்து ஒரு வௌவால் வாசல் வரை வந்தது. வெளியே போகாமல் வட்டமடித்துத் திரும்பிவிட்டது. இன்னொன்று வந்தது; அதுவும் திரும்பியது. நாம் கல்யாண வீட்டில் பந்தி போட்டாச்சா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவோமே, அதே மாதிரி. கால் மணி நேரம் இப்படி எட்டிப் பார்த்தல் நடந்தது. வெளிச்சம் ஓரளவு மங்கியதும், யாரோ மணி அடித்ததுபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போயின.

சரி, வாசலுக்கு வந்தவை வெளிச்சத்தைப் பார்த்தன. ஒளியே எட்டாத ஆழத்தில் தொங்குகிற வௌவாலுக்கு இருட்டிவிட்டது என்று எப்படித் தெரியும்?

இதே கேள்வியை அதே காலத்தில், இதே மதுரையில், உலகம் திரும்பிப் பார்க்கும்படி கேட்டவர்கள் இருந்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் உயிர்க்கடிகாரத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். 1979ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றவர், 2009ல் காலமானார். அவரும் மாரிமுத்துவும் ஆர். சுப்பராஜும் 1978ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 1981ல் விரிவாக எழுதினார்கள். சோதனை மிக எளிமையானது. ஓர் இலைமூக்கு வௌவாலைக் குகையின் இருட்டில் தனிக் கூண்டில் வைத்தார்கள். அது எப்போது பறக்கத் துடிக்கிறது என்பது தானாகப் பதிவாகும். சுற்றிலும் அதன் கூட்டம் வழக்கம்போல் போய் வந்துகொண்டிருந்தது. சூரியனையே காணாத கூண்டு வௌவாலும், கூட்டம் கிளம்பும் நேரத்துக்குச் சரியாகத் தன் நாளைத் தொடங்கியது. பிறகு, வேறு வௌவால்களே இல்லாத குகையில் ஒன்றைத் தனியாக வைத்துப் பார்த்தார்கள். அதன் கடிகாரம் நிற்கவில்லை, ஓடியது. ஆனால் ஊர் நேரத்தோடு சேராமல், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகித் தன் போக்கில் ஓடியது.

ஆக, ஆழத்தில் இருந்த வௌவாலுக்கு மணி சொன்னது கூட்டம்தான். வாசல் வரை போய் வெளிச்சத்தைப் பார்த்தவை உள்ளே இருப்பவற்றுக்கும் நேரத்தைக் கொண்டுவருகின்றன. அதிலும் ஒரு நுணுக்கம். வேறு ஜாதி வௌவால் ஒன்றை இலைமூக்கு வௌவால்களின் குகையில் வைத்தபோது, அந்தக் கூட்டத்தின் சந்தடி அதன் கடிகாரத்தைத் திருத்தவில்லை என்று 1983ல் எழுதினார்கள். வெறும் இரைச்சல் போதாது. தன் கூட்டமாக இருக்கவேண்டும்.

இந்த ஆய்வுகளை நான் வாத்தியாராக ஆன பிறகுதான் படித்தேன். படித்தபோது என்னைச் சுட்டவை வேறு இரண்டு வரிகள். அதே ஆய்வகத்தில் ஜோஷியும் சந்திரசேகரனும் 1982ல் கண்டது: நட்சத்திர வெளிச்சத்தைவிட மங்கலான ஒளிகூட இந்த வௌவாலின் உடற்கடிகாரத்தைத் திருத்தப் போதும். 1984ல் கண்டது: ஒரு நொடியை இரண்டாயிரம் பங்காக்கி அதில் ஒரு பங்கு நேரம் மட்டும் பளீரென்று ஒளி காட்டினாலும் அந்தக் கடிகாரம் இடம் மாறிவிடுகிறது. ஒரு பிளாஷ் அடிக்கிற நேரம், ஐயா! நான் மூன்று அடித்தேன். அன்று விழுந்த குட்டி மட்டும் என் கணக்கு என்று நினைத்திருந்தேன். கலையாமல் கூரையில் ஒட்டியிருந்த வௌவாலின் நாளையும் நான் கலைத்திருக்கக்கூடும் என்று அப்போதுதான் புரிந்தது.

மனிதனையும் அவர்கள் விடவில்லை. கடிகாரம், வெயில், செய்தித்தாள் எதுவும் எட்டாத தனியறை ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் கட்டி, தாமாக முன்வந்தவர்களை நாள் கணக்கில் அதில் இருக்கச் செய்து பார்த்தார்கள். நம் கடிகாரமும் அப்படியே: தனியே விட்டால் 24 மணியில் நிற்காமல் விலகிப் போகிறது. உடற்கடிகாரத்தின் உள்வேலையைக் கண்டறிந்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. டி.வி.யில் அந்தச் செய்தியைப் பார்த்தபோது எனக்கு ஸ்டாக்ஹோம் கண்ணில் தெரியவில்லை, நாகமலைதான் தெரிந்தது.

இப்போது அந்தக் குன்றுகளின் கதி என்ன? மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காக மலைகள் அறுபட்டதை 2012ல் நாடே பேசியது. அரிட்டாபட்டியை 2022ல் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அந்த வட்டாரத்திலேயே டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட 2024ல் ஏல உரிமை கொடுக்கப்பட்டது. ஊர் ஊராக ஜனங்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அதைக் கைவிட்டது. ஜனங்கள் நின்றால் மலை நிற்கும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் எல்லா மலைக்கும் அப்படிக் கூட்டம் திரளாது. குகை போய்விட்டால் வௌவால் வேறு வீடு பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். இருட்டும் ஈரமும் சூடும் சரியாக அமைந்த குகை உருவாக எத்தனை ஆயிரம் வருடம்! அறுப்பதற்கு ஒரு வாரம்.

பணி ஓய்வுக்குப் பிறகு அந்தக் குகைக்கு வருடத்தில் இரண்டு மூன்று மாலை போய்வருகிறேன். உள்ளே போவதில்லை. வாசலுக்கு எட்டத்தில், அதே பாறையில் உட்கார்ந்து, கிளம்புகிறவற்றை எண்ணுவேன். இருநூறு வரை எண்ணிக் கணக்குத் தவறிவிடும், கண்ணுக்கும் வயசாகிறதல்லவா? இன்னும் இருக்கின்றன. இன்னும் எட்டிப் பார்த்துத்தான் கிளம்புகின்றன.

தம்பி தங்கைகளே, அட்வைஸ் வேண்டாம் என்றார் செயலாளர். இது அட்வைஸ் இல்லை, வேண்டுகோள். கண் நன்றாகத் தெரிகிற நீங்கள் நாலு பேர் என்னோடு வாருங்கள். வெளியே உட்கார்ந்து எண்ணுவோம். தேதி போட்டு நோட்டில் எழுதிவைப்போம். நாளைக்கு ஒருவன் இந்தக் குன்றில் ஒன்றுமே இல்லை என்று கையெழுத்துப் போட வந்தால், காட்டுவதற்கு அந்த நோட்டு இருக்கும். செல்போனில் பிளாஷ் அடிக்கவேண்டாம், புகை போடவேண்டாம், விழுந்து கிடக்கும் வௌவாலைக் கையால் தொடவேண்டாம். அது நமக்கும் நல்லதல்ல. 2020ல் கொரோனா பயத்தில் வௌவாலைப் பார்த்தாலே கல்லெடுத்தவர்கள் உண்டு. எட்ட இருந்து பார்த்தால் நம்மால் அதற்கும் கெடுதல் இல்லை, அதனால் நமக்கும் கெடுதல் இல்லை.

என் வகுப்புத் தோழர்களுக்கு ஒரே வார்த்தை. இத்தனை வருடம் ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு குகையில் தொங்கிக்கொண்டிருந்தோம். இன்று காலை உங்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு என்ன வயசு என்பதே சரியாகத் தெரிந்தது. அடுத்த வருடமும் வாருங்கள். எண்ணுவதற்கு ஆள் வேண்டும்.