இந்த வருசம் எந்தக் கூத்து?

புது வருசம் பிறக்கிறது. நாடகம் போட வேண்டும், பாட்டு எழுத வேண்டும், குறும்படம் எடுக்க வேண்டும். மனதில் பத்து ஆசை. எதை முதலில் எடுப்பது?

மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கத்துக் கூத்துக்காரரைக் கேளுங்கள். ஊரார் கூடுவார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் நடுவில் இருப்பார். ஆட்டப் பாணி வடமோடியா, தென்மோடியா? எந்தக் கதை? பேச்சு நீளும், சண்டையும் வரும். கடைசியில் ஒரு கூத்து. ஒன்றே ஒன்று.

கதை நல்லது என்பது மட்டும் போதாது. அதை ஆட ஊரில் ஆள் உண்டா? அரசனுக்குக் குரல் யாரிடம்? தாளத்துக்குக் கால் யாரிடம்? இதையும் பார்ப்பார்கள்.

பிறகு சட்டம் கொடுத்தல். அவரவர் பாட்டு எழுதிய கொப்பி அவரவர் கைக்கு வரும். ஊரே பார்த்திருக்க வாங்கிய கொப்பி. இனி நழுவ வழியில்லை! அதன்பின் மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கம். சதங்கை கட்டி, அரங்கேற்றம் வரை அந்த ஒரே கூத்துத்தான்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தனும் அப்படித்தான் செய்தார். 1962இல் கர்ணன் போர். அது மேடையேறிய பிறகுதான் நொண்டி நாடகம். விடிய விடிய ஆடுவதைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தூக்கவில்லை.

நேயர்களே, இன்றைக்கே ஒரு கொப்பி எடுங்கள். இந்த வருசத்துக்கு ஒரு வேலையின் பெயரை எழுதுங்கள். எழுதியதை வீட்டில் நாலு பேருக்குச் சொல்லியும் வையுங்கள்.