நூலக வரி கட்டுகிறோம், நூலகத்தைக் கேட்போம்

(நெசவாளர் பகுதிக் கிளை நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த நூலகம் யாரோ தருமவான் வைத்த தண்ணீர்ப் பந்தல் அல்ல. 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அந்தச் சட்டப்படி நூலக வரி, சொத்து வரியோடு சேர்த்தே வசூலாகிறது. குடியிருப்பவர் எங்கே கட்டுகிறார் என்பீர்கள். வீட்டுச் சொந்தக்காரர் அதையும் வாடகையில் ஏற்றித்தானே வாங்குகிறார்!

எதைப் படிக்கலாம் என்று வட்டச் செயலாளர் கேட்டார். ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ என்றேன். 1953ல் வந்த நாவல். நூல் கிடைக்காமல் (இது தறி நூல்!) கைத்தறி நெசவாளர் குடும்பங்கள் பட்டினியில் விழுந்த கதை. அடுத்து டி. செல்வராஜின் ‘தோல்’, திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளிகளின் போராட்டம். 2012ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. தடித்த புத்தகம்தான், பயப்படாதீர்கள்.

ஞாயிறுதோறும் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கிறோம். போன வாரம் வாலிபர் ஒருவர் தறிச் சொல் ஒன்றைத் தப்பாக வாசித்தார். எழுத்தறியாத பாட்டி ஒருவர் அதைத் திருத்தினார்!

ஆனால் நாம் தறியை விட்டு எழும்போது மணி எட்டு. அதற்குள் நூலகம் பூட்டியாகிறது. நூலகரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் ஒரே ஆள். இரவு ஒன்பது வரை திறக்க வேண்டும், அதற்கு இன்னொரு ஊழியரைப் போட வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். அதோ, மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள். பாட்டி, நீங்கள் கைநாட்டு வையுங்கள்.