அரக்கு உடல், மஞ்சள் கரை
(விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி மேடையில் சாமியார் ரயில் என்ஜினைப் பற்றிப் பேசுவதா என்று நீங்கள் சிரிக்கலாம். மலருக்காகப் பழைய படங்களைத் திரட்டியபோது எழுந்த வழக்குதான் காரணம்.

நம் ஊர் நிலையத்தில் பேராயரை வரவேற்க நம் பெரியவர்கள் மாலையோடு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் அது. பின்னால் ஒரு டீசல் என்ஜின். "அது அரக்கு நிறம், நடுவில் மஞ்சள் பட்டை" என்றார் நெசவாளரான பெரியவர் ஒருவர். "நீலம்!" என்றார் ரயில்வேயில் பெயின்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காப்பி ஆறும்வரை வழக்கு ஓயவில்லை. படத்தைக் கேட்டுப் பயனில்லை. அதில் அரக்கும் கறுப்பு, நீலமும் கறுப்பு.

அரக்கோணத்திலிருந்து நம் ஊருக்கு 1865-ல் இந்தியன் டிராம்வே கம்பெனி ரயில் விட்டது. அப்போது பாதையின் அகலம் 3 அடி 6 அங்குலம். பிறகு அது தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் பாதையாயிற்று. அந்தக் கம்பெனியும் 1951-ல் தெற்கு ரயில்வேயில் கலந்து மறைந்தது. மீட்டர் பாதைக்கான ஒய்.டி.எம்.4 என்ஜின்கள் 1961 முதல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்தும், பின்னர் கனடாவிலிருந்தும் வந்தன. 1968 முதல் வாரணாசியிலேயே செய்தார்கள். ஆல்கோ 1969-ல் என்ஜின் செய்வதை நிறுத்திவிட்டது. 1992-ல் எல்லாவற்றையும் அகலப் பாதையாக்கும் திட்டம் வந்தது. இன்று நம் நிலையத்தில் மீட்டர் பாதையும் இல்லை.

நிறத்துக்கு வருவோம். அரக்கு உடலும் மஞ்சள் பட்டையும் நாடெங்கும் ஓடிய பழைய கோலம். ஆனால் டீசல் பணிமனைகள் தத்தம் என்ஜின்களுக்குத் தனி நிறம் வைத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே பெரியவர் பார்த்தது அரக்கு, இவர் பூசியது நீலம்; இருவர் சொன்னதும் மெய். நெசவாளருக்கு அரக்கு ஏன் மறக்கவில்லை தெரியுமா? "சாமி, அது கோர்வைச் சேலை மாதிரி. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், சேருகிற இடத்தில் பிசிறே இருக்காது" என்றார். தறியில் இருவர் உட்கார்ந்து மூன்று நாடா ஓட்டிச் சேர்க்கிற வேலையை அறிந்த கண் அது.

பெயின்டர் வேறொன்று சொன்னார். பழுது பார்க்க வந்த என்ஜினை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், மேல் நிறத்துக்கு அடியில் பழைய நிறங்கள் வளையம் வளையமாகத் தெரியுமாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது.

ஆலயத்தைப் புதுப்பித்தபோது சூசையப்பர் சுரூபத்துக்கு யாரையும் கேளாமல் பளபளப்பான எனாமல் பூசச் சொன்னவன் நான். மறுநாள் அவரையே அழைத்து, பீடத்தின் அடியில் நகத்தளவு தேய்க்கச் சொன்னேன். என் சந்தன நிறத்தின் கீழ் பச்சை. அதன் கீழ் அரக்கு. அதில் மெல்லிய பொன் கோடு. "அந்தக் கோடு என் அப்பா இழுத்தது" என்றார் நெசவாளர். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்கள் கேட்கவில்லையே, சாமி" என்றார்.

உங்கள் எல்லார் முன்பும் மன்னிப்புக் கேட்கிறேன். மேல் பூச்சை எடுக்கும் வேலை தொடங்கப் போகிறது. மேலங்கி என்ன நிறம், கையிலிருந்த லீலி மலர்த் தண்டு என்ன நிறம் என்று நினைவுள்ள தாய்மார்களும் பெரியவர்களும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் அலுவலக அறைக்கு வாருங்கள். ரயில் நிலையப் படமும் மேசைமேல் இருக்கும். மாலையோடு நிற்பவர்களில் நால்வரின் பெயர் இன்னும் எழுதப்படவில்லை.