மாளிகையைக் காட்டுகிறார்கள்; பேரேட்டைக் காட்டுவார்களா?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு விநோதமாய்த் தோன்றலாம். சீமையிலே பிரபுக்கள் என்பவர்கள் தங்கள் பரம்பரை மாளிகைகளைத் திறந்துவிட்டு, உள்ளே இருக்கும் படங்கள், வெள்ளிச் சாமான்கள், பட்டுத் திரைகள், வாள்கள் முதலானவற்றைக் காட்டி, "இது எங்கள் பாட்டனார் வாங்கியது, இது எங்கள் பாட்டிக்கு ராஜா கொடுத்தது" என்று கதை சொல்லி வருகின்றார்களே, அதைப் பற்றித்தான் பேசப் போகின்றேன். "சீமைப் பிரபு வீட்டுச் சாமானுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கின்றது. அந்தச் சாமான்களில் சில நம் பக்கத்திலிருந்தே போனவை. அதைவிட முக்கியமான சம்பந்தம் இன்னொன்றும் உண்டு. அதைக் கடைசியில் சொல்லுகின்றேன்.

முதலாவது, இந்த மாளிகைகளின் கதவு எப்படித் திறந்தது என்று பார்ப்போம். பழங்காலத்திலும் நல்ல உடை உடுத்திய கனவான்கள் வந்தால், வீட்டு மேற்பார்வைக்காரி உள்ளே சுற்றிக் காட்டி இனாம் வாங்கிக்கொள்வது உண்டு. ஆனால் காசு கொடுத்தால் யாரும் உள்ளே வரலாம் என்று ஏராளமான கதவுகள் திறந்தது 1949-க்குப் பிறகுதான். அந்த வருஷம் பாத் பிரபு என்பவர் லாங்லீட் என்ற தமது மாளிகையைத் திறந்து, தலைக்கு அரை கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங், கட்டணம் வைத்தார். பிற்பாடு 1966-ல் அதன் தோட்டத்தில் சிங்கங்களையும் கொண்டுவந்து விட்டார்கள். சிங்கமும் பிரபுவும் ஒரே டிக்கெட் வியாபாரத்தில் சேர்ந்துவிட்டார்கள்!

ஏன் திறந்தார்கள்? குடியானவன் மீது திடீரென்று அன்பு பொங்கிவிட்டதா? இல்லை. சொத்துக்காரன் செத்தால் சொத்தின் மீது வரி என்று 1894-ல் அந்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அந்த வரி ஏறி ஏறி, 1949-ல் மிகப் பெரிய சொத்துகளுக்கு நூற்றுக்கு 80 என்ற அளவுக்கு வந்துவிட்டது. 1950-ல் டெவன்ஷயர் பிரபு இறந்தார். அந்த வரிக்காக அவர் குடும்பம் ஹார்ட்விக் என்ற பழைய மாளிகையையே சர்க்காரிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஆகவே, கதவைத் திறந்தது தருமம் அல்ல, கணக்கு.

இன்னொன்றும் கேளுங்கள். பரம்பரைச் சாமான்கள் தேசத்துக்கு முக்கியமானவை என்று ஒப்புக்கொள்ளப்பட்டால், அவற்றை நாட்டைவிட்டு வெளியே அனுப்பாமல், பழுதின்றிப் பாதுகாத்து, பொது ஜனங்கள் பார்க்க இடங்கொடுத்தால், வாரிசு வரியைக் கட்டாமல் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று இன்றைக்கும் அங்கே சட்டம் இருக்கின்றது. எல்லாப் பிரபுக்களும் இதற்காகவே காட்டுகின்றார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பலருடைய வீட்டில், படத்தை நீங்கள் பார்ப்பதே அவர்களுக்கு வரிச் சலுகை. பார்த்தவன் "எவ்வளவு தாராள மனது!" என்று சொல்லிக்கொண்டு, கட்டணமும் கொடுத்துவிட்டு வருகின்றான்.

நிற்க, உள்ளே போனால் சொல்லப்படும் கதையைக் கவனியுங்கள். "இந்தக் கூடம் இன்ன வருஷத்தில் கட்டப்பட்டது. இந்தக் கம்பளம் வரவழைக்கப்பட்டது. இந்த ஏரி வெட்டப்பட்டது." எல்லாம் "பட்டது, பட்டது" என்றே இருக்கும். யாரால் பட்டது? எவன் முதுகில் பட்டது? அது மட்டும் வராது. கட்டியவன் பெயரில்லை, ஆனால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் பெயர் ஏழு தலைமுறைக்கு இருக்கும். வேல்ஸ் தேசத்திலே எர்டிக் என்று ஒரு வீடு உண்டு. அங்கே எஜமானர்கள் தங்கள் தச்சன், வேட்டைக்காரன் முதலான வேலைக்காரர்களையும் படம் எழுதுவித்து, பாட்டும் கட்டி மாட்டி வைத்தார்கள். அதைப் பார்த்து உலகமே ஆச்சரியப்படுகின்றது. வேலைக்காரனுக்கும் முகம் உண்டு என்பது ஆச்சரியமாக இருக்குமானால், மற்ற வீடுகளின் லட்சணத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி நம் பக்கத்துக் கதைக்கு வருகின்றேன். அதே வேல்ஸ் தேசத்தில் போவிஸ் கோட்டை என்று ஒன்று இருக்கின்றது. 1952-ல் அது நேஷனல் டிரஸ்ட் என்ற பொது ஸ்தாபனத்தின் கைக்கு வந்தது. அங்கே இந்தியச் சாமான்களுக்கென்றே கிளைவ் பெயரால் ஒரு காட்சிசாலை வைத்திருக்கின்றார்கள். திப்பு சுல்தானின் சிம்மாசனத்தை அலங்கரித்த பொன் புலித்தலைகளில் ஒன்று அங்கே இருக்கின்றது. திப்புவின் சீட்டித்துணிக் கூடாரமும் அங்கேதான் இருக்கின்றது. திப்பு 1799 மே 4-ந்தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரில் மாண்டார். மாண்டவர் கூடாரம் ஏழு கடல் தாண்டி ஒருவர் வீட்டுப் பரம்பரைச் சொத்தாகிவிட்டது!

அது எப்படி அங்கே போயிற்று? ராபர்ட் கிளைவ் 1744-ல் நமது சென்னைக்குக் கம்பெனியின் குமாஸ்தாவாக வந்து சேர்ந்தவர். 1757-ல் பிளாசி யுத்தம் முடிந்ததும் அவருக்கு வந்த பெரும் வெகுமதி போக, வருஷத்துக்கு 27,000 பவுன் வருமானமுள்ள ஜாகீரும் கிடைத்தது. பிற்பாடு பார்லிமெண்டில் விசாரணை வந்தபோது, தாம் இவ்வளவு கொஞ்சமாக எடுத்துக்கொண்டது தமக்கே ஆச்சரியமாயிருக்கின்றது என்ற கருத்துப்படப் பேசினார். அவர் மகன் எட்வர்டு கிளைவ், போவிஸ் குடும்பத்துப் பெண் ஹென்றியெட்டாவை 1784-ல் மணந்தார். பழைய கோட்டை பெண் வீட்டாருடையது; புதுப் பணம் பிள்ளை வீட்டாருடையது. இந்த எட்வர்டு கிளைவ்தான் 1798 முதல் 1803 வரையில் சென்னைக் கவர்னர்.

தோழர்களே! அந்த வருஷங்களைக் கேட்டதும் உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா? கட்டபொம்மன் கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16-ந்தேதி. மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபரில். இரண்டும் இந்தக் கவர்னர் காலத்தில்தான். 1801-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்த பிறகு, அதைத் தரைமட்டமாக்கி, ஏர் பூட்டி உழுது, ஆமணக்கு விதைத்தார்கள். அங்கே இன்று நாம் பார்ப்பது 1974-ல் தமிழ்நாட்டு அரசு கட்டிய நினைவுக் கோட்டை. ஆகவே, அதே காலத்தில் ஒரு வீடு உழவு நிலமாயிற்று. இன்னொரு வீடு காட்சிசாலையாயிற்று. எது காட்சிசாலையாக வேண்டும், எது ஆமணக்குக் கொல்லையாக வேண்டும் என்று தீர்மானித்தது குலப் பெருமையா? தெய்வச் செயலா? பீரங்கியல்லவா தீர்மானித்தது?

இப்படிச் சொல்வதால், நம் பாளையக்காரர் மாளிகைகள் நின்றிருந்தால் எல்லாம் சரியாயிருக்கும் என்று நான் அழுவதாக நினைக்காதீர்கள். அவர்கள் காவல் என்ற பெயரால் ஊருக்கு ஊர் வசூல் செய்ததும் குடியானவன் களத்துமேட்டிலிருந்துதான். கோட்டை சீமையில் இருந்தாலும் திருநெல்வேலியில் இருந்தாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இதற்குப் பணம் கொடுத்தவன் யார்?

இந்தக் கேள்விக்குத் தாமே பதில் சொல்ல முன்வந்த ஒரு வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்; நியாயம் இரண்டு பக்கமும் பேச வேண்டுமல்லவா? யார்க்ஷயரில் ஹேர்வுட் மாளிகை என்று ஒன்று உள்ளது. 1759-ல் கட்டத் தொடங்கி, 1771-ல் குடிபுகுந்தார்கள். பக்கத்து ஊரான ஓட்லியில் பிறந்த தச்சர் சிப்பெண்டேல் செய்த நாற்காலிகளும் மேஜைகளும் அங்கே இருக்கின்றன. அவர் கைவேலைக்கு ஈடு இணை இல்லை என்கின்றார்கள். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது? அந்த லாஸல்ஸ் குடும்பத்து ஹென்றி என்பவர் பார்படோஸ் தீவில் சுங்க அதிகாரி, சர்க்கரை வியாபாரி, தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்தவர். கடன் திரும்பாதபோது பின்னால் தோட்டங்களே குடும்பத்தின் கைக்கு வந்தன. தோட்டம் என்றால் கரும்பு மாத்திரமல்ல. கரும்பு வெட்டும் ஆப்பிரிக்க அடிமைகளும் சேர்ந்ததுதான் தோட்டம்.

1833-ல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தார்கள். அப்போது பிரிட்டிஷ் சர்க்கார் இரண்டு கோடிப் பவுன் நஷ்டஈடு கொடுத்தது. யாருக்கு? அடிபட்டவனுக்கா? இல்லை, தோழர்களே! அடித்தவனுக்கு! ஹேர்வுட் பிரபு 1,277 ஆட்களுக்காக 26,000 பவுனுக்கு மேல் வாங்கினார். அந்த 1,277 பேருக்கும் ஒரு செப்புக்காசு இல்லை. அதன் மேலும் 1838 வரை "பயிற்சி" என்ற பெயரால் பழைய எஜமானுக்கே உழைக்க வேண்டியிருந்தது. இந்த நஷ்டஈட்டுக்காக வாங்கிய கடன் அந்நாட்டு வரிப்பணத்திலிருந்து தீர்ந்து முடிந்தது எப்போது தெரியுமா? 2015-ல்!

இன்றைய ஹேர்வுட் பிரபு டேவிட் லாஸல்ஸ் இவைகளை மறைக்கவில்லை. தமது மாளிகை எந்தப் பணத்தில் எழுந்தது என்பதை வெளிப்படையாகச் சொல்லி வருகின்றார். வீட்டு நிலவறையில் 1780-ம் வருஷத்துப் பார்படோஸ் ரம் புட்டிகள் அகப்பட்டன. அவற்றை ஏலத்தில் விற்று வந்த பணத்தை ஒரு கலைத் தரும ஸ்தாபனத்துக்குக் கொடுத்தார்கள். 2023-ல் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்தது. டேவிட் ஹேர்வுட் என்று பெயர் பெற்ற ஒரு கறுப்பு நடிகர் இருக்கின்றார். அவருடைய முன்னோர்கள் இந்தப் பிரபு குடும்பத்தின் தோட்டத்தில் அடிமைகளாயிருந்தவர்கள்; அவருடைய குடும்பப் பெயரே எஜமானுடைய பட்டப் பெயர்தான். அவருடைய உருவப்படத்தை, "விட்டுப்போன படங்கள்" என்ற வரிசையில், அந்த மாளிகையிலேயே வைத்தார்கள்.

இதைத்தான் கடைசியில் சொல்லுகின்றேன் என்றேன். நிலமும் நகையும் மாத்திரம் பரம்பரைச் சொத்தல்ல; ஞாபகமும் ஒரு பரம்பரைச் சொத்து. பிரபு தம் பாட்டனுக்குப் பாட்டன் எந்த நாற்காலியில் உட்கார்ந்தான் என்று சொல்லுகின்றார். இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தம் கொள்ளுப்பாட்டியின் பெயர் தெரியும்? கை தூக்கச் சொன்னால் வெட்கப்படுவீர்கள்; வெட்கம் உங்களுடையதல்ல. சுவர் இருந்தவனுக்குப் படம் இருந்தது. பார்படோஸில் 1817 முதல் அடிமைகளின் பெயரை எழுதி வைத்தார்கள். மரியாதைக்காகவா? ஆட்டுக்கும் மாட்டுக்கும் சூடு போடுவது போல, சொத்துக்கு அடையாளத்திற்காக! இப்படி நம்முடைய முன்னோர் பெயர்களும் எங்கேயாவது இருக்குமானால், கடன் பத்திரத்திலும், பண்ணைக் கணக்கிலும், கப்பலேறிய கூலிகளின் ஜாபிதாவிலும்தான் இருக்கும்.

சிலர் சொல்லுவார்கள்: "கொள்ளுத்தாத்தா செய்ததற்குப் பேரனைக் குற்றம் சொல்லலாமா?" என்று. கூடாது, ஒருக்காலும் கூடாது. பிறவியினால் ஒருவன் குற்றவாளியாவதில்லை. ஆனால் அதே நியாயப்படி, பிறவியினால் ஒருவன் பிரபுவாவதும் இல்லை! தாத்தாவின் வெள்ளித் தட்டைக் காட்டி மரியாதை வாங்கிக்கொள்ளும்போது "என் தாத்தா" என்பதும், அந்தத் தட்டின் விலையைக் கேட்டால் "அது யாரோ பழங்காலத்து ஆள்" என்பதும் என்ன நாணயம்? வரவை வைத்துக்கொள்கிறவன் செலவுப் பக்கத்தையும் வாசித்துக் காட்டட்டும். 2020-ல் நேஷனல் டிரஸ்ட் தன் வசமுள்ள இடங்களில் 93 இடங்களுக்கு அடிமை வியாபாரத்தோடும் அந்நிய நாட்டு ஆட்சியோடும் இருந்த தொடர்பைத் தொகுத்து வெளியிட்டது. உடனே சிலருக்குக் கோபம் வந்துவிட்டது, "அழகான வீட்டைப் பார்க்க வந்த இடத்தில் இதென்ன கணக்கு?" என்றார்கள். கணக்கென்றால் கோபம் வருவது எப்படிப்பட்டவர்களுக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அப்படியானால் அந்த மாளிகைகளை இடித்துவிடலாமா?" என்றால், அதுவும் கூடாது. கல் தச்சனும் மரத் தச்சனும் நெசவாளியும் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை அது. அதை இடித்தால் பிரபுவுக்கு நஷ்டமில்லை. அந்தத் தொழிலாளியின் ஒரே ஞாபகமும் போய்விடும். நில்லட்டும், திறந்திருக்கட்டும், நாமும் போய்ப் பார்ப்போம். ஆனால் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கக் கூடாது. சீமை மாளிகையானாலும் சரி, நம் ஊர் ராஜா அரண்மனையானாலும் சரி, மூன்று கேள்வி கேளுங்கள்: இதைச் செய்தவன் யார்? இதற்கு உழைத்துக் கொடுத்தவன் யார்? இது இங்கே வந்த வழி என்ன? பதில் சொன்னால் அவரைப் பாராட்டுங்கள். சொல்லாவிட்டால், கேள்வியையாவது அங்கே விட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொரு காரியமும் செய்யுங்கள். அதற்கு மாளிகை வேண்டாம். ஒரு காலணா நோட்டுப் புத்தகம் போதும். இன்றிரவு வீட்டுக்குப் போனதும், வயது முதிர்ந்தவர்கள் இருக்கும்போதே, உங்கள் பாட்டன் பெயர், பாட்டி பெயர், அவர்கள் எந்த ஊரிலிருந்து ஏன் வந்தார்கள், என்ன கூலிக்கு உழைத்தார்கள், யாருக்குக் கடன்பட்டார்கள் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். பெருமையாக இருந்தால்தான் எழுத வேண்டும் என்பதில்லை. உண்மையாக இருந்தால் போதும். பிரபுக்களின் பேரேட்டில் விட்டுப்போன பக்கம் அதுதான்.