கழிவில் உறையும் செம்பு

செம்புச் சுரங்கத்தில் ஒதுக்கப்படும் கற்குவியலிலும் சிறிதளவு செம்பு உண்டு. உருக்கி எடுத்தால் செலவு கட்டாது. 1947இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களினின்று வடியும் அமிலநீரில் ஒரு நுண்ணுயிர் இருப்பதைக் கால்மர், ஹிங்கிள் என்னும் அறிஞர் இருவர் அறிவித்தனர். இரும்பையும் கந்தகத்தையும் கொண்டே உயிர்வாழ்வது அது. குவியலின்மீது அமிலநீரைத் தெளித்தால், அந்நுண்ணுயிர் மாற்றித் தரும் இரும்பு உப்பு கல்லிலுள்ள செம்பைக் கரைக்கிறது. அந்நீரைப் பழைய இரும்புத் துண்டுகளின்மீது செலுத்த, செம்பு படிகிறது. கென்னகாட் நிறுவனத்தார் 1958இல் நுண்ணுயிர் முறைக்குக் காப்புரிமை பெற்றனர்.

ஆயினும், கவனிப்பாரற்ற குவியலில் அதே உயிர் அமிலத்தைப் பெருக்குகிறது. அது ஓடையிற் கலந்தால் மீன்கள் மடிகின்றன. ஆகவே, கழிவைக் கட்டுக்குள் வைத்து ஆள்வதே அறிவுடைமை.