பழைய தெருவில் புது வீடு

புக்கிட் ரோத்தானிலோ ஜெராமிலோ ஒரு வீடு கட்டுவதென்றால், நிலம் யார் பேரில் இருக்கிறது, கையில் பணம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்போம். பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களில் அது போதாது. படித்து வேலைக்குப் போன பிள்ளை அங்கே ஒரு காலி மனையைக் காட்டி, "அப்பா, சேமநிதிப் பணத்தைப் போடலாமா?" என்று கேட்டால், பெற்றோர் சில விவரங்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

1786-இல் பிரான்சிஸ் லைட் தொடங்கிய நகரம் அது. தமிழ் வணிகர்களும் தொழிலாளர்களும் தொடக்கக் காலத்திலேயே அங்குக் குடியேறினர். குயின் தெரு மாரியம்மன் ஆலயம் 1833-இல் எழுந்தது. 2008 ஜூலை 7-ஆம் நாள் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனையும் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் ஏற்றியது. மையப் பகுதி ஏறக்குறைய 109 ஹெக்டர். அதைச் சுற்றிய காப்புப் பகுதி 150 ஹெக்டர். இந்த எல்லைக்குள் மனை இருந்தால் நம் விருப்பப்படி கட்ட முடியாது.

அங்குள்ள கடைவீடு எப்படிப்பட்டது? முகப்பு குறுகல், உள்ளே நீளம். நம் லயத்து வீடுகளைப் போலவே இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். வாசலில் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க அஞ்சடி. நடுவில் வானம் பார்த்த முற்றம். காற்றும் வெளிச்சமும் அதன் வழியே இறங்கும். (நம் ஊர்ப் பெரிய வீடுகளின் முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.) மேலே சுட்ட ஓடு.

சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மண்ணிலிருந்து ஈரம் ஏறினாலும், சுண்ணாம்பு அதை மெல்ல வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடும். உப்புப் பூத்து, செங்கல்லே பொடியாக உதிரும். கெட்டியாக இருக்கட்டும் என்று சிமெண்டைப் பூசுகிறவர் தம் சுவரை மட்டுமல்லாமல் பக்கத்து வீட்டாரின் சுவரையும் கெடுக்கிறார், ஏனென்றால் சுவர் ஒன்றுதானே! அடித்தளமும் அப்படியே. பெரிய சம்மட்டியால் தூண்களை அடித்து இறக்கினால், அதிர்வில் பழைய சுவர்கள் விரிசல் விடும். அதிராமல் தூண் இறக்கும் முறைகள் உண்டு, செலவு கூடும். அந்தக் கூடுதல் செலவைக் கணக்கில் சேர்க்காமல் மனை வாங்குவது சரியல்ல.

கட்டடங்களை முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரித்திருக்கிறார்கள். அவற்றை இடிக்க முடியாது. காலி மனையிலும், மரபுச் சிறப்பில்லாத கட்டடம் நிற்கும் இடத்திலும்தான் புதிதாகக் கட்டலாம். அங்கும் உயரத்துக்கு வரம்பு உண்டு. 18 மீட்டருக்கு மேல் எழவிருந்த சில தங்கும் விடுதிகளால் பெரும் சர்ச்சை கிளம்பி, 2009-இல் யுனெஸ்கோ குழுவே வந்து பார்த்தது. அஞ்சடியை அடைத்து அறையாக்குவதும் கூடாது. இந்த விதிகள் கடுமை என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வீடு வரிசையை விட்டு முன்னே வந்தால் தெரு முழுவதும் நடைபாதையை இழக்கிறது.

எனக்கு வருத்தம் வேறொன்றில். 1948-க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை 1966-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியிருந்தது. 1997-இல் அதை நீக்க முடிவாகி, 1999-ஆம் ஆண்டு இறுதியோடு கட்டுப்பாடு முடிந்தது. வாடகை ஏறியது, தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பல வெளியேறின. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டிய தோட்டக் குடும்பங்களுக்கு அந்த வேதனையை விளக்கத் தேவையில்லை. பட்டியலில் ஏறியபின் சுவர்களுக்குக் காவல் கிடைத்தது. உள்ளே இருந்தவர்களுக்கு அந்தக் காவல் இல்லை. அங்கே மறுபடி ஒரு குடும்பம் அடுப்பு மூட்டிக் குடியிருக்க வீடு கட்டுமானால், அதை நான் வரவேற்கிறேன்.

ஆகவே பிள்ளை கேட்டால், முன்பணம் கொடுக்குமுன் நில அலுவலகத்தில் பட்டாவைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மாநகர் மன்றத்தில், மனை எந்தப் பகுதியில், எந்த வகையில் இருக்கிறது என்று எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் வேலை செய்து பழகிய கட்டடக் கலைஞர் வரைபடம் போடட்டும். சுண்ணாம்புச் சாந்து கலக்கத் தெரிந்த கொத்தனாரையும் இப்போதே விசாரித்து வைக்கட்டும். அவர்கள் அதிகம் பேர் இல்லை.